வெட்டிவேர் யாருக்கு?

போன மாதம் பாரிஸிலிருந்து பேத்தி வந்திருந்தாள். இரண்டு வருடமாக அங்கே படிக்கிறாள். வரும்போது எனக்கென்று ஒரு சென்ட் பாட்டில் வாங்கி வந்தாள். உள்ளங்கையில் அடங்குகிற கனமான கண்ணாடிக் குப்பி. குப்பிக்கு ஒரு பெட்டி, பெட்டிக்கு ஒரு உறை, உறைக்குள் நான்காக மடித்த ஒரு காகிதம். "என்ன விலை?" என்று கேட்டேன். "அதெல்லாம் கேக்கக் கூடாது தாத்தா" என்றாள். முப்பத்தைந்து வருடம் அரசாங்க எழுத்தராக இருந்தவனுக்கு, சொல்லாமல் விட்ட தொகைதான் முதலில் கண்ணில் படும். சரி, பெரிய தொகைதான் என்று புரிந்துகொண்டேன்.

"இந்தக் காகிதத்தைப் படிச்சுச் சொல்லுங்க. உங்க பிரெஞ்சு இன்னும் இருக்கான்னு பாக்கலாம்" என்று நீட்டினாள்.

பழைய வாசகர்களுக்குத் தெரியும். நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். 1954 நவம்பர் 1ஆம் தேதி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்த பிறகும் அங்கே பிரெஞ்சுப் படிப்பு உடனே நின்றுவிடவில்லை. அந்தக் கடைசி வரிசைப் பிள்ளைகளில் நானும் ஒருவன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தேன். எந்தக் கம்பெனி என்று எழுதப்போவதில்லை. என் செலவில் அவர்களுக்கு விளம்பரம் எதற்கு? சாரத்தை மட்டும் சொல்கிறேன். இந்த வாசனை ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. இதை அணிகிறவர் கூட்டத்தில் தனித்துத் தெரிபவர். அதிகம் பேசமாட்டார். மண்ணோடு ஒட்டிய மனசு. தன்னைப் பற்றி யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டிய அவசியம் இல்லாதவர். யாருடைய ஜாதகத்தையோ வாசிப்பது போல இருந்தது.

கடைசியில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று ஒரு வரி. அதில் முதல் பெயர் 'வெத்திவேர்'.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது நம் வெட்டிவேர்தான். பெயரும் நம்முடையதுதான். மண்ணை வெட்டி எடுக்கிற வேர் என்பதால் வெட்டிவேர். பிரெஞ்சு அகராதிகளே இது தமிழிலிருந்து வந்த சொல் என்று ஒப்புக்கொள்கின்றன. பள்ளிக்கூடத்தில் அகராதியைப் புரட்டும்போது அந்தச் சொல்லைப் பார்த்து, மறந்துபோய் வீட்டிலிருந்து எடுத்து வந்த நம் பொருளை வாத்தியார் மேஜையில் பார்த்தது போல முழித்தது ஞாபகம் இருக்கிறது. இன்னொன்றும் உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் 'பச்சூலி' என்கிறார்களே, அது நம் பச்சை இலை, அதாவது பச்சிலை என்று சொல்லாராய்ச்சிக்காரர்கள் சொல்கிறார்கள். உலகத்து விலையுயர்ந்த வாசனைக் குப்பிகளில் நம் இரண்டு சொற்கள் உட்கார்ந்திருக்கின்றன.

எழுபதுகளின் தொடக்கத்தில் திருச்சியில் வேலை கிடைத்து, ஸ்ரீரங்கம் அடையவளஞ்சான் தெருவில் இருந்த அத்தை வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். அப்பாவின் அக்கா. முற்றத்து ஓரத்தில் மணல் பரப்பி அதன்மேல் ஒரு மண்பானை. பானைக்குள் வெள்ளைத் துணியில் முடிந்த வெட்டிவேர், கூட ஒரு துண்டு நன்னாரி. காய்ந்திருக்கும்போது அந்த வேரில் பெரிதாக மணம் இருக்காது. தண்ணீர் பட்டால்தான் விழித்துக்கொள்ளும். சித்திரை வெயிலில் பாலத்தைத் தாண்டி சைக்கிள் மிதித்து வந்து அந்தத் தண்ணீரை ஒரு செம்பு குடித்தால் போதும், அன்றைய கோப்பெல்லாம் மறந்துபோகும். பிரெஞ்சுக்காரர்கள் இதை 'வெத்திவேர்' என்கிறார்கள் என்று அத்தையிடம் ஒருநாள் சொன்னேன். "ஏண்டா, நம்ம வேரை எடுத்துட்டுப் போயி, நம்மகிட்டயே பேர் சொல்றானா?" என்றாள்.

அலுவலகத்திலும் வெட்டிவேர் உண்டு. அக்னி நட்சத்திரம் வந்தால் அதிகாரி அறை வாசலில் வெட்டிவேர்த் தட்டி கட்டுவார்கள். மணிக்கொரு தரம் பியூன் தண்ணீர் தெளிப்பார். குளிர்ச்சி அதிகாரி பக்கம் போகும், வாசனை எங்கள் பக்கம் வரும். அதுவே போதும் என்று இருந்தோம்.

பேத்தி கேட்டாள், "இதுல ஆம்பளைக்கா பொம்பளைக்கான்னு ஏன் தாத்தா தனியா சொல்லணும்?" நல்ல கேள்வி. எனக்குத் தெரிந்த வரலாற்றை ஊஞ்சலில் உட்கார்ந்து அவளுக்குச் சொன்னேன். அதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

'பர்ஃபம்' என்ற பிரெஞ்சுச் சொல்லின் மூலம் லத்தீன். 'புகை வழியாக' என்று பொருள். அகில் புகையில் கூந்தல் உலர்த்தியவர்களுக்கு அது புதிய சங்கதி இல்லை. ஐரோப்பாவில் வெகுகாலம் ஆண் வாசனை, பெண் வாசனை என்ற பாகுபாடு கிடையாது. வெர்சாய் அரண்மனையில் பதினைந்தாம் லூயியின் சபைக்கு 'வாசனைச் சபை' என்றே பெயர். ஆணும் பெண்ணும் ஒன்றுபோல் பூசிக்கொண்டார்கள். 1709இல் கொலோன் நகரில் ஃபரினா என்ற இத்தாலியர் ஒரு வியாபாரத்தைத் தொடங்கினார். எலுமிச்சை, ஆரஞ்சு வகைகளின் மணம் ஏற்றிய அவருடைய வாசனை நீர்தான் நம் வீடுகளில் காய்ச்சல்காரர் நெற்றியில் கைக்குட்டை நனைத்துப் போட்டோமே, அந்த ஓடிகோலன். நெப்போலியன் அதைத் தண்ணீராகச் செலவழித்தார். பெண்களும் பூசினார்கள். யாரும் பேதம் பார்க்கவில்லை.

அதே 1709இல்தான் ஆனந்தரங்கப் பிள்ளை பிறந்தார். புதுச்சேரியில் டூப்ளேக்கு துபாஷியாக இருந்தவர். அவருடைய நாட்குறிப்பைப் புரட்டினால் வருகிறவர்களுக்கு வெற்றிலை பாக்கும் பன்னீரும் கொடுத்து மரியாதை செய்வதைப் பார்க்கலாம். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் நவாபின் ஆட்களும், தளபதிகளும், வியாபாரிகளும். மீசை வைத்த ஆண்கள்! வாசனை என்பது மரியாதையின் அளவு. (டூப்ளேயின் படை 1752இல் நம் ஸ்ரீரங்கத்தில் சரணடைந்த கதையை இன்னொரு நாள் எழுதுகிறேன்.)

பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. பணக்கார ஆண்கள் கறுப்புக் கோட்டுக்கு மாறினார்கள். பூ மணமெல்லாம் பெண்கள் சமாசாரம் என்று ஒதுக்கினார்கள். பெண்களிலும் குடும்பப் பெண்ணுக்கு மெல்லிய பூ வாசனை, அழுத்தமான வாசனை பூசினால் அவள் வேறு மாதிரி என்று பேச்சு. பச்சிலையின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவிலிருந்து போன காஷ்மீர் சால்வைகளைப் பூச்சி அரிக்காமல் இருக்க அந்த இலையை இடையிடையே வைத்து மடித்து அனுப்பினார்கள். வாசனை இருந்தால்தான் அசல் சால்வை என்று பாரிஸ் சீமாட்டிகள் முகர்ந்து பார்த்து வாங்கினார்கள். கொஞ்ச காலம் கழித்து அதே வாசனை அங்குள்ள தாசிகளின் அடையாளமாகப் பேசப்பட்டது. இன்னும் நூறு வருடம் போனால், 1960களில், நீள முடியும் கழுத்து மணியுமாகத் திரிந்த ஹிப்பிகளின் வாசனை அதுதான். இலை ஒன்றுதான். சீமாட்டி, தாசி, ஹிப்பி என்று குணம் மட்டும் மூன்று தரம் மாறிவிட்டது. குணம் இலையில் இருந்தால் இப்படி மாறுமா?

1889இல் கெர்லான் கம்பெனி 'ஜிக்கி' என்று ஒன்றைக் கொண்டு வந்தது. அதில் புனுகு உண்டு. ஆண்களும் பூசினார்கள், பெண்களும் பூசினார்கள். நாம் சொல்லும் ஜவ்வாதும், பிரெஞ்சுக்காரர் புனுகுக்குச் சொல்லும் 'சிவெத்'தும் ஒரே அரபுச் சொல்லில் இருந்து கிளைத்தவை என்பதை இங்கே சொல்லிவைக்கிறேன். 1921இல் வந்த ஷனேல் ஐந்தாம் நம்பர் பெண்களுக்கானது என்று பெயர் பெற்றது. அதன் அடியிலும் வெட்டிவேர் உண்டு. வேரின் எண்ணெய் கனமானது, சீக்கிரம் ஆவியாகாது. மேலே உள்ள பூ வாசனைகளைக் கட்டிப் பிடித்து வைத்திருக்கும். பெயரெல்லாம் பூவுக்கு, வேலை செய்வது வேர். எழுத்தராக இருந்தவர்களுக்கு இது புரியும்.

பிறகு வெட்டிவேருக்கே ஒரு கோப்பு திறந்தார்கள். 1959இல் கெர்லான் 'வெத்திவேர்' என்ற பெயரிலேயே ஆண்களுக்கென்று ஒன்றை வெளியிட்டது. 2004இல் அதே கம்பெனி 'பெண்ணுக்கான வெத்திவேர்' என்று தனியாக ஒன்று போட்டது. 2008இல் ஷனேல் கம்பெனி 'சிக்கமோர்' என்று ஒரு மரத்தின் பெயரை வைத்து வெட்டிவேர் வாசனை ஒன்றைக் கொண்டு வந்து, இருபாலருக்கும் விற்றது. அதற்கு முன்பே 1994இல் அமெரிக்காவில் கால்வின் கிளைன் 'சி.கே. ஒன்' மூலம் இருபாலருக்கும் பொதுவான சென்ட் என்பதைப் பெரிய வியாபாரமாக்கியிருந்தார். ஆக, ஒரு வேர். முதலில் ஆணுக்கு, பின்னர் பெண்ணுக்கு, அப்புறம் எல்லோருக்கும். எங்கள் ஆபீஸுக்கு இப்படி ஒரு கோப்பு வந்திருந்தால், 'முந்தைய ஆணைகளைப் பார்வையிட்டு மீள அனுப்பவும்' என்று குறிப்பெழுதித் திருப்பியிருப்பேன்.

இந்த இடத்தில் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. "நம்ம பக்கம் இந்தக் குழப்பமே கிடையாதும்மா" என்று ஆரம்பித்தேன்.

சங்கப் பாடல்களில் சந்தனம் பூசாத அரசன் மார்பைப் பார்ப்பது அரிது. சிலப்பதிகாரத்தில் மாதவி குளிக்கிற தண்ணீருக்கே பத்து வகைத் துவர், ஐந்து வகை விரை, முப்பத்திரண்டு வகை ஓமாலிகை ஊறுகின்றன. அந்த முப்பத்திரண்டும் எவை என்று பட்டியலே இருக்கிறது. கத்தூரி, புழுகு, ஏலம், நன்னாரி, இலாமிச்சை, பச்சிலை எல்லாம் அதில் உண்டு. பாரிஸ் கம்பெனிக்காரரிடம் அந்தப் பட்டியலைக் கொடுத்தால் இன்றும் வேலைக்கு ஆகும்.

இந்தப் பொருள்களுக்காக நம்மவர்கள் கடல் தாண்டினார்கள். சுமத்ரா தீவின் மேற்குக் கரையில் பாரூஸ் என்று ஓர் ஊர். அங்கே லோபு துவா என்ற இடத்தில் 1873இல் ஒரு தமிழ்க் கல்வெட்டைக் கண்டெடுத்தார்கள். கல்லில் வெட்டிய காலம் 1088, முதலாம் குலோத்துங்கன் காலம். திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் வைத்தது. அந்தத் துறைமுகத்துக்குக் கப்பலில் வருகிறவர்கள், கஸ்தூரியின் விலையைப் பொன்னில் கணக்கிட்டுக் கட்டணம் கட்டிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்று அதில் விதித்திருக்கிறார்கள். பாரூஸ் எதற்குப் பேர்போன ஊர் என்றால் கற்பூரத்துக்கு. அந்தக் காடுகளில் மரத்தின் வயிற்றுக்குள் உறைந்து கிடக்கும் பச்சைக் கற்பூரம்.

பச்சைக் கற்பூரம் என்றால் ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு உடனே உடையவர் சன்னிதிதான் நினைவுக்கு வரும். சித்திரையிலும் ஐப்பசியிலும், வருடத்துக்கு இருமுறை ராமானுஜர் திருமேனிக்குப் பச்சைக் கற்பூரமும் குங்குமப்பூவும் சேர்த்துச் சாத்துகிறார்கள். பெரிய பெருமாள் திருமேனி சுதையால் ஆனது, அதனால் மூலவருக்குத் திருமஞ்சனம் கிடையாது. ஆனி மாதம் ஜேஷ்டாபிஷேகத்தை ஒட்டி, சந்தனம், அகில் முதலிய வாசனைப் பொருள்கள் சேர்ந்த தைலக்காப்பு சாத்துவார்கள். அதன்பிறகு சில நாள் திருமுகம் மட்டும்தான் சேவிக்கக் கிடைக்கும். தாயாருக்கும் அதே ஆனியில் ஜேஷ்டாபிஷேகம் உண்டு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் திருச்சியில் நத்ஹர்வலி தர்காவில் சந்தனக்கூடு. சாமிக்கு, சந்நியாசிக்கு, அவுலியாவுக்கு, மாப்பிள்ளைக்கு, பெண்ணுக்கு எல்லோருக்கும் ஒரே சந்தனம். 'ஆண்களுக்கு மட்டும்' என்று எந்தச் சந்தனப் பேலாவிலாவது எழுதிப் பார்த்திருக்கிறோமா? வெள்ளைக்காரன் இப்போதுதான் கண்டுபிடிக்கிறான், நாம் எப்போதோ செய்துவிட்டோம் என்று முடித்தேன். பேத்தியும் கைதட்டினாள்.

அப்புறம் பாட்டிலை எடுத்து வந்து எல்லோருக்கும் அடிக்க ஆரம்பித்தாள். எனக்கு மணிக்கட்டில். என் மனைவிக்குக் கழுத்தோரம். பால் கணக்குக்கு வந்த பையனுக்குக்கூடச் சட்டையில் ஒரு பீச்சு. கூடத்து மூலையில் கீரை ஆய்ந்துகொண்டு இருந்த என் தங்கையிடம் போனாள். அவள் சட்டென்று கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"எனக்கெதுக்குடி கண்ணு."

தங்கையின் வீட்டுக்காரர் காலமாகி ஒன்றரை வருடம் ஆகிறது. அதிலிருந்து எங்களோடுதான் இருக்கிறாள். அவள் சொன்ன மூன்று சொல்லில் என் அரைமணி நேரப் பிரசங்கம் அடிபட்டுப் போயிற்று.

அத்தையைப் பற்றி மேலே ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். முழுதாகச் சொல்லியிருக்க வேண்டும். அத்தைக்குப் பத்தொன்பது வயதில் தாலி இறங்கியது. நான் போய்ச் சேர்ந்தபோது ஐம்பதைத் தாண்டியிருந்தாள். வெள்ளைப் புடவை, வெறும் நெற்றி, தலையில் பூ கிடையாது. வாசனைச் சோப்புகூடப் போடமாட்டாள், பயத்தமாவுதான். கொல்லையில் மல்லிகைப் பந்தல் இருந்தது. விடியற்காலை பறித்துத் தொடுத்து, கோயிலுக்கும் தெருவில் நாலு வீட்டுக்கும் கொடுத்தனுப்புவாள். தொடுத்த விரலை முகர்ந்துகூடப் பார்த்ததில்லை. கல்யாண வீட்டுக்குப் போனால் முன்வாசல் வழியாக நுழையமாட்டாள். அங்கே சந்தனமும் பன்னீர்ச் செம்பும் இருக்கும் என்பதால் கொல்லைப்புறமாகச் சமையல்கட்டுக்குப் போய்விடுவாள்.

அந்த வீட்டில் அவளுக்கென்று இருந்த ஒரே வாசனை பானைத் தண்ணீரில் இருந்த வெட்டிவேர். அது தண்ணீருக்குப் போட்டது, அவளுக்குப் போட்டது இல்லை என்பதால் யாரும் ஆட்சேபிக்கவில்லை. கோடையில் அந்த முடிச்சைப் பிழிந்து, வெயிலில் காய வைத்து, மறுபடி கட்டிப் போடுவதை ஒரு பூஜை போலச் செய்வாள். காய வைக்கும்போது கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருப்பாள். நான் அதைப் பார்த்திருக்கிறேன். அதற்கு என்ன பொருள் என்று அப்போது யோசித்ததில்லை.

பங்குனி உத்திரத்துக்கு மட்டும் அத்தை எல்லோருக்கும் முன்பாகக் கிளம்பிவிடுவாள். ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். பங்குனி உற்சவத்தில் நம்பெருமாள் உறையூருக்குப் போய்க் கமலவல்லி நாச்சியாரோடு சேர்த்தி கண்டருளுவார். ஸ்ரீரங்கம் திரும்பியதும் உத்திரத்தன்று ரங்கநாயகித் தாயாரிடம் வருவார். தாயார் கதவைச் சாத்திவிடுவார். பிரணய கலகம், மட்டையடி என்று சொல்வார்கள். தாயார் பக்கத்தார் அடுக்குகிற குற்றச்சாட்டுகளைக் கேட்க வேண்டும். குழல் ஏன் கலைந்திருக்கிறது, நெற்றியில் கஸ்தூரிக் காப்பு ஏன் கரைந்திருக்கிறது, மார்பில் குங்குமப்பொடி எப்படி வந்தது என்று வாசனைப் பொருள்களே சாட்சிகளாக வந்து நிற்கும். நம்மாழ்வார் வந்து சமாதானம் பேசி முடிப்பார். பிறகு சேர்த்தி. பெருமாளும் தாயாரும் ஓராசனத்தில் இருப்பது வருடத்தில் அந்த ஒரு நாள்தான்.

அன்று அத்தை கூட்டத்தில் நின்று வாய்விட்டுச் சிரிப்பாள். அவள் சத்தமாகச் சிரித்து நான் கேட்டது அங்கேதான். ஒரு வருடம் திரும்பி வரும் வழியில், "தாயாருக்கு எவ்வளவு கோபம் பாத்தியா அத்தை" என்றேன். கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தாள். பிறகு, "கோவிச்சுக்கறதுக்கும் ஒருத்தர் வேணும்டா" என்றாள். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

பேத்தியிடம் நான் சொன்ன வரலாறு பொய் இல்லை. ஆனால் பாதிக் கோப்பை மட்டும் படித்துவிட்டு உத்தரவு போட்டேன். மாதவிக்கு முப்பத்திரண்டு வாசனை ஊறிய அதே சிலப்பதிகாரத்தில், கணவன் வீட்டுக்கு வராத நாள்களில் கண்ணகி மார்பில் குங்குமம் எழுதுவதை நிறுத்திவிடுகிறாள். கோவலன் உயிரோடு, அதே ஊரில்தான் இருக்கிறான். அவன் பக்கத்தில் இல்லை என்பதே அவள் வாசனைகளை ஒதுக்கி வைக்கப் போதுமான காரணமாக இருந்தது. ஐரோப்பியர்கள் வாசனையை ஆணுக்கு, பெண்ணுக்கு என்று பிரித்தார்கள். நாம் அப்படிப் பிரிக்கவில்லைதான். புருஷன் உள்ளவள், இல்லாதவள் என்று பிரித்தோம். ஆணுக்கு அந்தக் கேள்வியே இல்லை. மனைவியை இழந்த எத்தனையோ பெரியவர்கள் கல்யாண வாசலில் சந்தனத்தை எடுத்துக் கையில் தடவிக்கொண்டு போவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

சட்டங்கள் வந்தன. விதவை மறுமணச் சட்டம் 1856இல் வந்தது. கணவன் சொத்தில் விதவைக்கு உரிமை தரும் சட்டம் 1937இல் வந்தது. அத்தைக்கு அந்த வீடு நின்றதே அந்த இரண்டாவது சட்டத்தால்தான் என்று அப்பா சொல்வார். ஆனால் சந்தனப் பேலாவுக்கு எந்தச் சட்டமும் கிடையாது. யாரும் தடை போட்டதாக எழுத்தில் இல்லை, ஆகவே ரத்து செய்யவும் வழியில்லை. எழுதாத உத்தரவுதான் நீக்க முடியாத உத்தரவு என்று அலுவலகத்தில் எத்தனையோ முறை பார்த்தவன் நான்.

இப்போது காலம் மாறிவிட்டதே என்பீர்கள். மாறித்தான் இருக்கிறது. தங்கை வெள்ளைப் புடவை கட்டுவதில்லை, நாங்களும் கட்டவிடவில்லை. பொட்டு வைக்கிறாள். அதற்காக நான் உள்ளூரப் பெருமைப்பட்டுக்கொண்டும் இருந்தேன். ஆனால் போன தை மாதம் சொந்தத்தில் ஒரு கல்யாணம். மண்டப வாசலில் இரண்டு சின்னப் பெண்கள் சந்தனமும் கல்கண்டும் வைத்துக்கொண்டு நின்றார்கள். என் மனைவிக்கு நீட்டினார்கள், எனக்கு நீட்டினார்கள். தங்கையைப் பார்த்ததும் பக்கத்தில் நின்ற ஒரு பெரியம்மா அந்தப் பெண்ணின் முழங்கையை லேசாகத் தொட்டார். அவ்வளவுதான். தட்டு எங்களைத் தாண்டிப் பின்னால் வந்தவர்களிடம் போய்விட்டது. தங்கையும் கவனிக்காதது போல உள்ளே நடந்தாள். நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, கையில் இருந்த சந்தனத்தைத் தேய்த்துக்கொண்டே உள்ளே போய் உட்கார்ந்தேன். அந்தப் பெரியம்மாவை நான் குறை சொல்லப்போவதில்லை. வீட்டுக்கு மூத்தவன் நான். என் கையில் சந்தனம் இருந்தது. பக்கத்தில் நின்றவளுக்கு அதில் பாதி கொடுத்திருக்கலாம்.

பேத்தி விடவில்லை. "அத்தப்பாட்டி, பூசிக்க வேண்டாம். மோந்து மட்டும் பாருங்க" என்று மூடியை நீட்டினாள். தங்கை கீரைக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். மூக்கருகில் கொண்டுபோனாள். சிறு வயதில் கோடை விடுமுறைக்குக் காரைக்காலிலிருந்து ஸ்ரீரங்கம் வந்து அத்தையோடு மாதக்கணக்கில் இருந்தவள் அவள்.

கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். "அண்ணா, இது அத்தை வீட்டுப் பானைத் தண்ணில்ல?" என்றாள்.

"அதேதான்" என்றேன்.

கையை நீட்டினாள். பேத்தி மணிக்கட்டில் ஒருமுறை அடித்தாள். தங்கை அதை முகர்ந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் மறுபடி கீரையை எடுத்துக்கொண்டாள். அன்று சாயங்காலம் வரை கூடத்தில் அந்த வாசனை இருந்தது.

காகிதத்தில் எழுதியிருந்த குணங்களை மறுபடி எடுத்துப் படித்தேன். அதிகம் பேசாதவர், தனித்து நிற்பவர், மண்ணோடு ஒட்டியவர். அத்தைக்கு எல்லாமே பொருந்துகிறது. ஆனால் அவள் அப்படி ஆனது வாசனை பூசியதால் இல்லை, பூசவிடாததால். தன்னை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை என்ற கடைசிக் குணம் மட்டும் அவளுக்குக் கிடைக்கவில்லை. கொல்லை வழியாக வந்தது ஏன் என்பதை வாழ்நாள் முழுவதும் தன் நடையாலேயே விளக்கிக்கொண்டிருந்தாள்.

ஆவணியில் தம்பி வீட்டில் ஒரு கல்யாணம் இருக்கிறது. வாசலில் நிற்கப்போகும் பிள்ளைகளிடம் முன்கூட்டியே பேசிவிட்டேன். வருகிறவர் யாராக இருந்தாலும் தட்டை நீட்டுங்கள், எடுப்பதும் எடுக்காததும் அவர்கள் இஷ்டம் என்று சொல்லியிருக்கிறேன். நானும் வாசலிலேயே ஒரு நாற்காலி போட்டு உட்காரப் போகிறேன். உங்கள் வீட்டு விசேஷங்களிலும் பிள்ளைகளிடம் இந்த ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். யார் முழங்கையைத் தொட்டாலும் தட்டு நிற்கக் கூடாது.

பாட்டில் அலமாரியில் இருக்கிறது. நேற்று பெரிய கடைவீதிக்குப் போனபோது நாட்டு மருந்துக் கடையில் ஒரு கட்டு வெட்டிவேர் வாங்கி வந்தேன். பானையில் போட்டாகிவிட்டது. இந்தப் பக்கம் வருகிறவர்கள் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் போகலாம்.